அதிசயம், நாற்பது மைல்

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியது ஓரினின் யோசனை.
வரைபடத்தில் உதிர்ந்த முடி போல ஒரு கோடு,
பெயர் இல்லை, எண் மட்டும்.
எங்கள் வண்டி வீடு பழசு.
ஒவ்வொரு குழிக்கும் அலமாரிக்குள் தட்டுகள் முணுமுணுத்தன.
நாங்கள் அதுவும் இல்லை.
நெவாடாவுக்குள் நுழைந்ததிலிருந்து
பெட்ரோல், தண்ணீர், இடது, வலது
இந்த நான்கு சொல்லை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம்.

முதல் பலகை: அதிசயம், நாற்பது மைல்.
சிவப்புப் பெயின்ட், கோணல் எழுத்து.
அப்புறம் உப்புத் தரை,
பார்க்கப் பார்க்கக் கண் கூசி
எந்தப் பக்கமும் முடியாமல்.
வீடே இல்லாத இடத்தில் ஒரு தபால்பெட்டி,
வாயைத் திறந்துகொண்டு.

இரண்டாவது: அதிசயம், பன்னிரண்டு மைல். குளிர்ந்த சோடா.
மூன்றாவது: தாண்டிவிட்டீர்கள்.

ஓரின் சிரித்துவிட்டான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன், அது கணக்கில் வராது.
அந்தச் சாலையில் அந்த வண்டியைத் திருப்ப
முன்னும் பின்னுமாகப் பதினொரு தடவை.

ஊர் என்று சொன்னால் ஊர் கோபித்துக்கொள்ளும்.
ஆறு வீடு. பூட்டிய வங்கி,
அதன் கதவில் என்றோ முடிந்துபோன
பள்ளிப் பந்தயத்தின் அறிவிப்பு.
நடுத்தெருவில் படுத்திருந்த மஞ்சள் நாய்
எங்களுக்காக எழுந்திருக்கவில்லை,
நாங்கள்தான் சுற்றிப் போனோம்.

வெர்லீன் ஹக்கபி ஆண்கள் பூட்ஸ் போட்டிருந்தாள்.
தலைக்கு இரண்டு டாலர், காபி டப்பாவில்.
சோடா குளிரவில்லை.
"இதுதான்" என்று
சமையலறைக் கூரையைக் காட்டினாள்.

ஓட்டை.
சாத்துக்குடி அளவு, அதற்குள் நீலம்.

"எழுபத்தெட்டு, பிப்ரவரி, ராத்திரி ஒன்பது பத்து.
வானத்திலிருந்து ஒரு கல்.
இஸ்திரிப் பலகை இரண்டாகப் போச்சு.
சட்டையும் கருகிப் போச்சு, அது கல்லால் இல்லை,
பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்."

கல் எங்கே என்று கேட்டேன்.

"டெல்மர் விற்றான்.
அந்தக் காசில் ஒரு லாரி வாங்கினான்.
அந்த லாரியில் போனான்."
டப்பாவை மூடினாள்.
"ஓட்டையை எடுத்துப் போக அவனுக்குத் தோன்றவில்லை."

மழை வந்தால்? இது ஓரின்.
"வாளி இருக்கு."

காலையில் அலமாரி மேல், மதியம் தரையில்,
நாலு மணிக்கு அடுப்பின் மேல்
ஒரு காசு அளவு வெயில் வருமாம்.
"இருந்து பாருங்கள், அதுவும் இரண்டு டாலரில் சேர்த்தி."

மூன்று நாற்காலி. குளிர்பெட்டியின் இரைச்சல்.
தரையில் ஊர்ந்த வெளிச்சம்
ஓரினின் முழங்காலில் ஏறியது.
அவன் காலை எடுக்கவில்லை.
யாரோ தெரியாதவரின் குழந்தை
மடியில் தூங்கிவிட்டாற்போல
மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தான்.
இருபத்தாறு வருடத்தில்
அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.
அல்லது பார்த்து, வேறு எதற்கோ என்று நினைத்திருப்பேன்.

அன்றிரவு அவள் கொல்லையில் வண்டியை நிறுத்தினோம்.
கூரையின் காற்றுப் போக்கியை ஓரின் திறந்துவிட்டான்.
குளிர் இறங்கியது.
மூடு என்று நான் சொல்லவில்லை.

காலையில் வெர்லீன் ஒரு சுத்தியலும் நாலு ஆணியும் தந்தாள்.
கிழக்கே போகும் வழியில்
நாலாவது பலகை காற்றில் விழுந்து கிடக்கிறதாம்,
அடித்துவிட்டுப் போங்கள்.

கிடந்தது. எழுத்து முழுவதையும் வெயில் தின்றிருந்தது.
எந்தப் பக்கம் சாலையைப் பார்க்க வேண்டும்,
என்ன சொல்லிக்கொண்டிருந்தது, தெரியவில்லை.
அவன் பிடித்துக்கொண்டான், நான் அடித்தேன்.
"மேலே" என்றான். "இன்னும் கொஞ்சம்" என்றான்.
"உன் விரல்" என்றேன்.

எழுபது மைல் கழித்துத்தான் பார்த்தோம்,
சுத்தியல் எங்கள் வண்டியிலேயே இருந்தது.